திருத்திய கட்டுரை

மூன்றாம் டிவிஷன்,
சுங்கை சிப்புட்.
2 ஆகஸ்ட் 2021

தர்மினி டீச்சருக்கு,

நான் பத்துமலை. உங்களிடம் படிவம் மூன்றில் தமிழ் படிக்கும் லோஷினியின் அப்பா. பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் என் மனைவி புஷ்பலதாதான் வருவாள், அதனால் என்னை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். செம்பனைக் குலையை எண்ணெய் மில்லுக்கு ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். திருத்துவது உங்களுக்குப் பழக்கம்தானே.

போன் செய்திருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒன்பதாம் தேதி என் மகள் உயிரை விடப் பார்த்தாள். எப்படி என்று எழுத மாட்டேன். பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா வெங்காயம் கேட்டுப் போனவர், பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டிருக்கிறார். எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள்தான் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டு போனார்கள். நான் அப்போது மில் வாசலில் வண்டியோடு வரிசையில் நின்றேன். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாள். துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். நான் இருந்தேன். அவள் அம்மா தைப்பிங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கோவிட் எம்சிஓ வந்து ஊரை அடைத்ததிலிருந்து உள்ளேயே தங்கினால்தான் வேலை. அந்த நேரம் பார்த்து ஹாஸ்டலில் நோய் பரவி எல்லாரையும் அடைத்து வைத்திருந்தார்கள். பெற்றவள் எட்டு நாளும் போனில்தான் அழுதாள்.

இப்போது லோஷினி வீட்டில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கிளினிக். மாத்திரை சாப்பிடுகிறாள். பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது காரில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "டீச்சர் படிச்சிட்டாங்கப்பா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்றுத்தான் அவள் புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தில் ஜூன் மாதம் நீங்கள் கொடுத்த கட்டுரை இருந்தது. தலைப்பு, 'பத்து ஆண்டுகளுக்குப் பின் நான்'. அதில் கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்.

"பத்து ஆண்டுகளுக்குப் பின் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். அப்பா சொந்த லாரி வாங்கியிருப்பார். அம்மா வேலையை விட்டிருப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். முதலில் கொஞ்ச நாள் அழுதிருப்பார்கள். பிறகு பழகியிருக்கும். பின்னறையில் அரிசி மூட்டை இருக்கும்."

பின்னறை அவள் படுக்கும் அறை, டீச்சர்.

அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில், "நன்று. கருத்துகளை இன்னும் விரிவாக எழுதவும்." எழுத்து அவளுடையது. நீங்கள் போனில் அனுப்பும் குறிப்பைப் பிள்ளைகளே புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று மாரியம்மா அக்காவின் பேத்தி சொன்னாள்.

என் கேள்வி ஒன்றுதான். நீங்கள் இதைப் படித்தீர்களா?

பத்துமலை


ஈப்போ.
9 ஆகஸ்ட் 2021

மதிப்பிற்குரிய திரு. பத்துமலை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. லோஷினி நலமாக வீடு திரும்பியதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இப்படி நடந்தது பள்ளியில் எங்களுக்குத் தெரியாது. ஜூலை மாதம் அவள் இணைய வகுப்புக்கு வராதபோது, தோட்டத்தில் லைன் கிடைக்காத மற்ற மாணவர்களைப் போல அவளும் என்று நினைத்துவிட்டோம்.

கட்டுரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படித்தேன். பிள்ளைகள் கற்பனையாக எழுதும்போது சில சமயம் சோகமாக எழுதுவது உண்டு. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதன் உள்ளே இருந்ததை உணரத் தவறியதற்காக மிகவும் வருந்துகிறேன். நான்கு வகுப்புகள், நூற்று முப்பத்து நான்கு மாணவர்கள், எல்லாரும் ஒரு கைப்பேசிக்குள். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் ஆலோசக ஆசிரியரின் எண்ணை இத்துடன் இணைத்துள்ளேன். மாவட்டம் தாண்ட அனுமதி இல்லாததால் நேரில் வர இயலவில்லை. லோஷினி நல்ல மாணவி. விரைவில் குணமடைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தர்மினி அருளம்பலம்


சுங்கை சிப்புட்.
20 ஆகஸ்ட் 2021

டீச்சர்,

உங்கள் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டீச்சரே பதில் போட்டிருக்கிறார், கேட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். 'படித்தேன்' என்ற இடம் வந்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மாரியம்மா அக்கா ஊட்டிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கிளினிக் நாள் வரை நான் வண்டி எடுக்கவில்லை. அவள் அறை வாசலிலேயே கிடந்தேன்.

நீங்கள் எழுதியது கடிதம் இல்லை டீச்சர், ஆபீஸ் காகிதம். உங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்கள் அந்தக் காலத்திலிருந்தே ஆபீசில் இருந்தவர்கள், எப்படி எழுதினால் பழி மேலே ஒட்டாது என்று தெரிந்தவர்கள். இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்றார். ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்துலா அண்ணே, ரெக்கார்டுக்கு" என்றார். மலாயில் இருந்தது. குடும்பப் பிரச்சினை காரணமாக நடந்த சம்பவம், பள்ளிக்குத் தொடர்பில்லை. அதுதான் அதன் பொருள். நான் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

லயத்தில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். "தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்களா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். ஆனால் எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

பத்துமலை


ஈப்போ.
28 ஆகஸ்ட் 2021

பத்துமலை அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை லோஷினிக்கு உடனே படித்துக் காட்டாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டி, அவர் சொல்வதைப் போலச் செய்யுங்கள்.

போன கடிதத்தில் நான் பொய் சொன்னேன். அந்தக் கட்டுரையை நான் படிக்கவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி மாலை, மறுநாள் காலைக்குள் மதிப்பெண்களை ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. நூற்று முப்பத்து நான்கு கட்டுரைகள் படமாக வந்து கிடந்தன. இரண்டு குறிப்புகளை முன்கூட்டியே தட்டி வைத்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியவர்களுக்கு, "நன்று. கருத்துகளை இன்னும் விரிவாக எழுதவும்." அதற்குக் குறைந்தவர்களுக்கு, "முயற்சி தேவை." நீளத்தைப் பார்த்தேன், அனுப்பினேன். லோஷினியுடையது ஒன்றரைப் பக்கம். அதனால் அவளுக்கு 'நன்று'.

அன்றைக்கு எனக்கு ஏதாவது துக்கம் இருந்ததா, உடம்பு சரியில்லையா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணம் கிடைத்தால் உங்களுக்கு எழுதலாம் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கட்டுரையை நான் முதன்முதலாகப் படித்தது ஆகஸ்ட் ஆறாம் தேதி, உங்கள் கடிதம் கையில் வந்த பிறகு. போனில் தேடி எடுத்தேன். நான்கு தடவை படித்தேன். 'நான்' என்று தலைப்புக் கொடுத்த கட்டுரையில் 'நான்' என்ற சொல்லே இல்லை. படிவம் ஒன்று மாணவிகூட அந்தத் தலைப்புக்கு 'நான்' என்று தொடங்குவாள். முதல் வரியைப் படித்திருந்தாலே போதும், எனக்குத் தெரிந்திருக்கும். இருபத்தோரு நாள் இருந்தது, அண்ணே. ஜூன் பதினெட்டிலிருந்து ஜூலை ஒன்பது வரை.

உங்கள் கடிதத்தை எங்கள் தலைமையாசிரியரிடம் காட்டினேன். 'படித்தேன், கற்பனை என்று நினைத்தேன்' என்று எழுதினால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அவர் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதிய கை என்னுடையதுதான்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நடந்ததை நானே எழுத்தில் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

யாழ்ப்பாணத்து ஆட்களைப் பற்றி எழுதியதற்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகு நான் உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். கோபப்பட எனக்கு இடம் இல்லை.

தர்மினி


சுங்கை சிப்புட்.
12 செப்டம்பர் 2021

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று நான் பட்ட கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. பிள்ளைகள் விடிய விடிய எழுதுகிறார்கள், நீங்கள் நீளத்தை அளந்து மார்க் போட்டிருக்கிறீர்கள். கிழித்துப் போடப் போனேன். டாக்டரிடம் காட்டச் சொன்னீர்களே என்று மடித்து வைத்தேன்.

கிளினிக்கில் இருப்பவர் சின்ன வயது சீனப் பெண். டாக்டர் லிம். ஒரு நர்ஸ் அவருக்குத் தமிழை மலாயில் சொன்னார். முழுதும் கேட்டார். பிறகு, "இதை அவள் இங்கேயே, நம் முன்னால் கேட்கட்டும். பொய்யோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்" என்றார்.

வெளியே இருந்தவளை நர்ஸ் உள்ளே கூட்டி வந்தார். நான்தான் படித்தேன். லோஷினி தலையைக் குனிந்தபடி கேட்டாள். முடிந்ததும், "திரும்பப் படிங்கப்பா" என்றாள்.

"எந்த இடம்?"

"தொலைக்காட்சி பார்த்த இடம்."

படித்தேன்.

"அப்போ அவங்க படிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"ஒரு வரிகூட?"

"ஒரு வரிகூட இல்ல."

அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுகை அடங்கியதும் சொன்னாள்: "படிச்சிட்டுத்தான் நன்றுன்னு போட்டாங்கன்னு நெனச்சேன்பா. நான் இல்லாம இருக்கிறது நல்லதுதான்னு டீச்சருக்கும் தோணுது, அதான் விரிவா எழுதச் சொல்றாங்கன்னு."

டாக்டர்தான் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உங்கள் பொய்யில் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். நீங்கள் படிக்கவில்லை என்று தெரிந்த அன்று இரண்டு ரொட்டிச் சானாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் உண்மையை எழுதினீர்கள்.

அதனால் நானும் எழுதுகிறேன். இது யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, புஷ்பாவுக்கும் தெரியாது.

ஜூலை ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மில்லில் கியூ இல்லாததால் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வகுப்பு நடக்கும் நேரம். அவள் வகுப்பில் இல்லை. லயத்துக்குப் பின்னால் மேட்டில், லைன் கிடைக்கும் இடத்தில், யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அழுத முகம். எவனோ பையன் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தேன். "அம்மா அங்க உசிரக் குடுத்து உழைக்கிறா, நீ இங்க என்ன கச்சரா பண்ற?" என்று லயமே கேட்கக் கத்தினேன். அவள் போன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் மாரியம்மா அக்கா வெங்காயம் கேட்டுப் போனார்.

அந்த வாரம் வீட்டில் ஏதாவது நடந்ததா என்று டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பள்ளிக்காரர் நீட்டிய தாளில் 'குடும்பப் பிரச்சினை' என்று இருந்ததே, அது முழுப் பொய் இல்லை டீச்சர். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

பத்துமலை


ஈப்போ.
21 செப்டம்பர் 2021

பத்துமலை அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லோஷினிக்கு வைத்தியம் பார்ப்பவர் பாதிக் கதையை வைத்துக்கொண்டு பார்க்கிறார். அவள் அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள். வேறு யாரோ சொல்லிக் கேள்விப்படக் கூடாது. அன்றைக்கு அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கிறது.

பள்ளியில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வகுப்புகளைக் குறைத்துவிட்டார்கள். சக ஆசிரியர்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. "நீ ஒப்புக்கொண்டதால் நாளைக்கு எங்கள் எல்லாரையும் கேட்பார்கள்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

இப்போது நேரம் இருக்கிறது. அந்த நூற்று முப்பத்து நான்கையும் உட்கார்ந்து படித்தேன். ஆறு நாள் பிடித்தது. பெரும்பாலும் டாக்டர், போலீஸ், பந்து விளையாட்டு வீரர். ஒரு பையன் மட்டும் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் இதே அறையில், இதே சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருந்தான். அவன் வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் நாற்பது நிமிடம் பேசினேன். அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு, அவன் இரண்டு மாதமாக அறைக் கதவைத் திறப்பதில்லை என்றார்.

லோஷினிக்கு ஒரு கடிதம் எழுதலாமா? அவள் பதில் போட வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

தர்மினி


சுங்கை சிப்புட்.
10 அக்டோபர் 2021

டீச்சருக்கு,

புஷ்பா போன வாரம் வந்தாள். ஹாஸ்டலைத் திறந்துவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவளிடம் முதல் நாளே சொன்னேன். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் இல்லாத வீட்டுல அந்தப் போன்லதான்யா நான் இருந்தேன். அதப் போயா உடைச்ச?"

அவ்வளவுதான் கேட்டாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. தொழிற்சாலைக்குத் திரும்பப் போகவில்லை. மகள் பக்கத்திலேயே படுக்கிறாள்.

டாக்டரிடமும் சொன்னேன். லோஷினி இருக்கும்போதே சொல்லச் சொன்னார். சொல்லி, "அப்பா பண்ணது தப்பும்மா" என்றேன். பிள்ளையிடம் இப்படிச் சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

அவள், "யார்கிட்ட பேசினேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

"யார்கிட்டம்மா பேசின?"

"இப்ப ஏன் கேக்குறீங்க?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சரி என்றா, தப்பு என்றா, தெரியவில்லை.

நீங்கள் அவளுக்கு எழுதக் கேட்ட கடிதம் பற்றிக் கேட்டேன். யோசித்துவிட்டு, "இப்ப வேணாம்பா" என்றாள். உங்கள் மேல் கோபமா என்றேன். "தெரியல. கோபமா இருந்தாலும் இருக்கலாம், எனக்கு இன்னும் தெரியல" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

பத்துமலை


ஈப்போ.
19 அக்டோபர் 2021

அண்ணே,

எழுத மாட்டேன். 'வேணாம்' என்று அவள் வாய் திறந்து சொன்னதே எனக்குப் போதும். உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் இரண்டு வரி போடுங்கள்.

ஜனவரியிலிருந்து என்னைத் தெலுக் இந்தானுக்கு மாற்றுகிறார்கள். புதிய முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

தர்மினி


சுங்கை சிப்புட்.
21 நவம்பர் 2021

டீச்சருக்கு,

இரண்டு வரி கேட்டீர்கள். கூடவே எழுதுகிறேன்.

லோஷினி இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். சில நாள் நன்றாக இருக்கிறாள். சில நாள் பாயை விட்டு எழுந்திருப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் புஷ்பா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். எழுந்திரு என்று சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை, பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை நான் வண்டியை எடுக்கும்போது வந்து நின்றாள்.

"நானும் வரட்டாப்பா?"

குலை ஏற்றிய லாரி, வாடை அடிக்கும், புழுக்கம், மில்லில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். சொல்லிப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்துச் சாலை முடியும்வரை பேசவில்லை. பெரிய ரோட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். மாரியம்மா அக்கா வீட்டுப் பூனை குட்டி போட்டது, மாத்திரை சாப்பிட்டால் வாய் கசப்பது, கூடப் படித்த ஒருத்தி கோலாலம்பூருக்குப் போய்விட்டது, எல்லாம் கலந்து கலந்து. நான் 'ம்' மட்டும் போட்டேன். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச வருமா என்று எனக்கு ஆச்சரியம். பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சில நாள் அந்த நெனப்பு இன்னும் வருதுப்பா."

வண்டியை ஓரம் கட்டலாமா என்று நினைத்தேன். கட்டினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றேன்.

சொன்னாள். அது எப்போது வருகிறது, எப்படி வருகிறது, வந்தால் என்ன செய்யும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார், அதைச் செய்தும் போகாத நாளில் அம்மாவை எழுப்புவது. எல்லாம் நிதானமாகச் சொன்னாள். எனக்கு நடுவில் எத்தனையோ சொல்ல வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

மில் கேட் வந்தது. வாட்ச்மேன் கையைக் காட்டினான். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை டீச்சர். நான் அவனைப் பார்க்காததைப் போலக் கேட்டைத் தாண்டி நேராக ஓட்டிக்கொண்டே போனேன்.

பத்துமலை